சாத்திக்கொள்ள ஒரு கதவு

தலைவலி, தூக்கமில்லை, எதற்கெடுத்தாலும் எரிச்சல் என்று ஒரு பெண் சொன்னால், புருஷனோடு சண்டையா, மாமியாரோடு மனஸ்தாபமா என்றுதான் முதலில் விசாரிக்கிறோம். அவள் இருக்கும் வீட்டில் எத்தனை கதவு என்று கேட்பதில்லை.

சென்னை கண்ணகி நகரில் எனக்குப் பழக்கமான ஓர் அக்கா இருக்கிறார். 2000 வாக்கில் நகரத்துக்குள் இருந்த குடிசைப் பகுதிகளை அப்புறப்படுத்தி, ஒக்கியம் துரைப்பாக்கத்தில் குடியமர்த்தியபோது வந்த குடும்பம். அப்போது கட்டிய அவர்கள் வீட்டில் இருப்பது ஒரே அறை. பீரோ, டிவி, பிள்ளைகளின் புத்தகப் பை, மாமியாரின் பாய் எல்லாம் அதற்குள்தான்.

“சண்டை போடக்கூட இடமில்லம்மா” என்றார் ஒருமுறை.

வயசுக்கு வந்த மகள் சுவரோரம் படுத்திருக்கிறாள், மாமியார் இன்னும் தூங்கவில்லை. புருஷனிடம் கேட்க வேண்டியதை எப்போது கேட்பது? அவர் குடித்துவிட்டு வரும் இரவில் விலகிப்போக வேறு அறை கிடையாது, மாடிப்படிதான். புடவை மாற்ற, மாதவிடாய்த் துணியை உலர்த்த, யாரும் பார்க்காமல் அழ, எல்லாவற்றுக்கும் நேரம் பார்க்க வேண்டியிருக்கிறது. நாள் முழுக்க இப்படித் தன்னை அடக்கிக்கொண்டே இருப்பதுதான் தலைவலியாக வந்து நிற்கிறது என்று நம்புகிறேன்.

ஆண்களும் அதே அறையில்தானே இருக்கிறார்கள் என்று கேட்கலாம். அத்தனை நேரம் இருப்பதில்லை. 2019-இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டுவேலை செய்யும் பெண்களுக்கு அதில் நாளொன்றுக்கு 299 நிமிடம் போவதாகவும், அவ்வேலை செய்யும் ஆண்களுக்கு 97 நிமிடம் போவதாகவும் தெரியவந்தது. மே மாதத்தில் கான்கிரீட் கூரையின் சூட்டோடு அடுப்புச் சூட்டையும் சேர்த்துத் தாங்குகிறவள் அவள்தான். அடிபம்பு வரிசையில் நிற்பதும், குடத்தை இடுப்பில் வைத்துப் படியேறுவதும் அவள்தான்.

2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கூவம் கரைகளிலிருந்து பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டவர்களுக்குத் தனிப் படுக்கையறை கிடைத்தது. அது பெரிய விஷயம், மறுக்கவே மாட்டேன். ஆனால் எட்டுத் தளக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றுபோனால், கைக்குழந்தைக்காரி மேலேயே அடைந்து கிடக்க வேண்டியதுதான். அதைவிடவும் அவர்களை வாட்டுவது பழைய அக்கம்பக்கம் போனது. முன்பு குழந்தையைப் பக்கத்து வீட்டு அத்தையிடம் விட்டுவிட்டு, மயிலாப்பூரில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்து மதியத்துக்குள் திரும்பிவிடலாம். புருஷன் கை ஓங்கினால் ஓடிவர அந்த அத்தை இருந்தாள். குலுக்கலில் வீடு ஒதுக்கியபோது அத்தை வேறெங்கோ ஒரு பிளாக்குக்குப் போய்விட்டாள். இப்போது எதிர் வீட்டுக் கதவைத் தட்டவே கூச்சமாக இருக்கிறது.

ஒரே தெருவில் இருந்தவர்களை ஒரே தளத்தில் சேர்த்துக் குடிவைக்கக் கூடுதலாக ஒரு செங்கல்கூடத் தேவையில்லை. அடுத்த முறை வீடு ஒதுக்குகிறவர்கள், யார் பக்கத்தில் யார் இருக்க வேண்டும் என்று அந்தப் பெண்களிடமே கேட்கட்டும்.