பனமலைப் பாதையில் ஒரு மிதிவண்டிப் பாடம்

செஞ்சிக் கோட்டையை நேரில் காணாதவர்களும் அதன் பெயரைக் கேள்வியுற்றிருப்பீர்கள். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் வளைத்து எழுப்பிய கோட்டை அது. 1690ஆம் ஆண்டு முற்றுகையிட்ட முகலாயப் படை 1698இல்தான் அதனைக் கைப்பற்ற முடிந்தது. கோட்டைக்குள் சஆதத்துல்லா கான் பெயரால் வழங்கும் பள்ளிவாசல் இன்றும் நிற்கிறது. 2025ஆம் ஆண்டு ஜூலையில் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுள் இக்கோட்டையும் இடம்பெற்றது.

செஞ்சி சென்றால் கோட்டையோடு திரும்பிவிடாதீர்கள். தெற்கே பனமலை இருக்கிறது. பல்லவ மன்னன் இராசசிம்மன் எட்டாம் நூற்றாண்டில் கட்டிய கற்கோயில் அக்குன்றின் மீது உள்ளது. அதன் சுவரில் பல்லவர் கால வண்ண ஓவியம் எஞ்சியிருக்கிறது. குன்றினருகே பெரிய ஏரி விரிந்து கிடக்கிறது. பாறைக் குன்றுகளையும் மணிலா வயல்களையும் பார்த்தபடி, குளிர்ந்த காலைப் பொழுதில் அங்கே மிதிவண்டியில் செல்வது ஓர் இன்பம்.

அந்த இன்பத்தைப் பலர் ஐந்தாறு கிலோமீட்டரிலேயே இழந்துவிடுகிறார்கள். மணிக்கட்டு வலிக்கிறது, விரல்கள் மரத்துப் போகின்றன, கழுத்தும் இடுப்பும் இறுகுகின்றன. "வயதாகிவிட்டது, இனி நமக்குச் சைக்கிள் ஆகாது" என்று வண்டியைத் திண்ணையோரம் சாத்திவிடுகிறார்கள். குற்றம் வயதினுடையதுதானா? வண்டியின் ஹேண்டில் பாரைச் சற்றுக் கவனியுங்கள். அது தாழ்ந்திருந்தால் உடல் முன்னே குனிகிறது. இருக்கை தாங்க வேண்டிய பாரத்தை உள்ளங்கைகள் தாங்குகின்றன. சாலையைப் பார்க்கத் தலையை நிமிர்த்துவதால் கழுத்து நோகிறது.

இதற்கு மருந்து எளியது. முதலில் சீட்டின் உயரத்தைச் சரி செய்யுங்கள். கீழே வந்த பெடலில் குதிகாலை வைத்தால் கால் ஏறக்குறைய நேராக நீள வேண்டும். சீட்டின் முனை முன்புறம் சாய்ந்திருக்கவும் கூடாது. சாய்ந்தால் உடல் வழுக்கி, பாரம் கைகளுக்கே போகும். அதன் பிறகே ஹேண்டில் பார். நிமிர்ந்து அமர விரும்புவோர்க்கு அது சீட்டின் மட்டத்திலோ, ஓரிரு அங்குலம் மேலாகவோ இருப்பது நலம்.

நம் ஊர்ச் சாதாரண வண்டியில் ஹேண்டில் தண்டின் உச்சியில் ஒரு போல்ட் இருக்கும். அதனை நான்கைந்து சுற்று தளர்த்தி, மேலே மரத்துண்டு வைத்துச் சுத்தியால் மெல்லத் தட்டினால், உள்ளே இறுக்கிப் பிடித்திருக்கும் ஆப்பு விடுபடும். முன் சக்கரத்தை முழங்கால்களுக்கு இடையே பற்றிக்கொண்டு, ஹேண்டிலை இடவலமாக அசைத்து உயர்த்தலாம். தண்டில் எல்லைக் கோடு இருந்தால் அது வெளியே தெரியக் கூடாது. கோடு இல்லையெனில் இரண்டரை அங்குலமாவது குழாய்க்குள் இருக்கட்டும். இல்லாவிடில் ஓட்டும்போதே ஹேண்டில் கையோடு வந்துவிடும்.

இனிச் சொல்வது உயிரைக் காப்பது. கம்பி பிரேக் உள்ள வண்டியில் ஹேண்டிலை உயர்த்தினால் பிரேக் கம்பிகளும் மேலே இழுபட்டு, கட்டைகள் ரிம்மில் உரசும். ஆகவே கம்பிகளின் இணைப்புத் திருகைத் தளர்த்தி நீளத்தைச் சரி செய்து, மீண்டும் நன்றாக இறுக்க வேண்டும். ஒயர் பிரேக் எனில் ஹேண்டிலை இருபுறமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள். ஒயர் விறைக்கக் கூடாது. இரு பிரேக்குகளும் பிடிக்கின்றனவா, சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு முறுக்கினால் ஹேண்டில் நழுவாமல் நிற்கிறதா என்று சோதித்த பின்னரே சாலைக்குச் செல்லுங்கள். பழக்கமில்லாதவர்கள் சைக்கிள் கடைக்காரரிடமே ஒப்படைப்பது நல்லது.

1991இல் தொடங்கிப் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் வழியே பெண்கள் திரளாக மிதிவண்டி பழகினார்கள். முஸ்லிம் சகோதரிகளும் அவர்களுள் இருந்தார்கள். லேடீஸ் சைக்கிள் போதாமல் பலர் ஆண்களுக்கான வண்டியையே ஓட்டினார்கள். அவர்களின் துணிவு போற்றற்குரியது. ஆனால், நம் வீட்டுப் பிள்ளைகளும் தமக்குப் பொருந்தாத வண்டியோடு போராட வேண்டியதில்லை. பிளஸ் ஒன் வகுப்பில் அரசு தரும் விலையில்லா மிதிவண்டியை உங்கள் மகளோ மகனோ கொண்டுவரும் அன்றே, அவர்களை அதில் அமர்த்தி, முதுகும் கையும் எப்படி இருக்கின்றன என்று பாருங்கள். வீட்டில் ஒரே வண்டி என்றால், அதிகம் ஓட்டுபவருக்கே அளவு அமையட்டும்.

செஞ்சியில் மதில் கட்டியவர்கள் குன்றின் வளைவுக்கேற்ப மதிலை வளைத்தார்களேயன்றி, மதிலுக்காகக் குன்றை வளைக்க முயலவில்லை. வண்டிக்காக உடலை வளைக்காதீர்கள். உடலுக்கேற்ப வண்டியை அமையுங்கள். திண்ணையோரம் சாத்திய மிதிவண்டி மீண்டும் பனமலை வரை போகும்.