நண்டு வளையும் நரம்பும்

நவராத்திரிக்காகச் சென்னையிலிருந்து பிறந்த ஊருக்குப் போயிருந்தேன். திருவையாற்றுக்குப் பக்கம். குறுவை அறுவடை முடிந்து நெல் களத்தில் குவிந்திருந்தது. காவலுக்கென்று என் தம்பி அங்கேயே பாயை விரித்துப் படுத்திருந்தான்.

விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுந்து வந்தான். அஜீரணம்தான் என்று அவன் மனைவி ஓமம் கொதிக்க வைத்துக் கொடுத்தாள். அதைக் குடிக்கும்போதே அவன் இமைகள் சரிந்தன.

"தூக்கமா வருது?" என்றாள்.

"தூக்கம் இல்லே. இமையைத் தூக்க முடியலே" என்றான். நாக்கு குழறியது.

எதிர் வீட்டுப் பெரியவர் எட்டிப் பார்த்தார். "கட்டுவிரியனா இருக்கும். ஓமத்தைக் கொட்டிட்டுக் காரை எடுங்க" என்றார். உடம்பில் எங்கும் கடிவாய் தெரியவில்லை. கட்டுவிரியன் கடித்தால் பல பேருக்கு வலியும் இராது, வீக்கமும் இராது என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்ப்பதற்குள் மூச்சு திணறிவிட்டது. விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள். தொண்டையில் குழாய் வைத்து யந்திரத்தோடு இணைத்தார்கள். ஐந்து நாள் மரக்கட்டை போல் கிடந்தான். டாக்டர் என்னிடம் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது: "அவருக்கு நினைவு இருக்கும்மா. நீங்க பேசறது கேட்கும். பதில் சொல்லத்தான் முடியாது."

என்னத்தைப் பேசுவது? சிறு வயதில் காவிரியில் என்னைத் தள்ளிவிட்டதற்கு இப்போது மன்னித்துவிட்டதாகச் சொன்னேன்.

தம்பியின் மகள் மருத்துவக் கல்லூரியில் உடலியல் கற்பிப்பவள். "நரம்பிலே செய்தி ஓடிக்கிட்டேதான் இருக்கு, அத்தை. கடைசி முனையிலேதான் தசைக்குப் போய்ச் சேரலே" என்றாள்.

"ஓடுகிறது என்று யார் கண்டது?" என்று சிடுசிடுத்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை.

ஆறாம் நாள் அவன் இமை அசைந்தது. பத்து நாளில் வீடு திரும்பினான். அதன் பிறகு ஒரு மாலை, திண்ணையில் உட்கார்ந்து அவள் என் கேள்விக்குப் பதில் சொன்னாள்.

நரம்பு என்பது உப்புநீர் நிறைந்த மெல்லிய குழாயாம். சவ்வுக்கு உள்ளும் புறமும் சிறு மின்வித்தியாசம். டார்ச் லைட் செல்லில் இருபதில் ஒரு பங்குதான். சவ்வில் நுண்ணிய மடைகள். ஒரு மடை திறந்தால் சோடியம் உள்ளே பாயும். பிறகு வேறு மடை வழியே பொட்டாசியம் வெளியேறும்.

"பொட்டாசியமா? நாம வயலுக்குப் போடற பொட்டாஷா?" என்றான் தம்பி.

"அதேதான்ப்பா. ஆனா அளக்கறதிலே ஒரு சங்கடம். மடை திறந்தா மின் மட்டம் மாறும். மட்டம் மாறினா இன்னும் மடை திறக்கும். எது காரணம், எது விளைவுன்னே தெரியாது."

தம்பி சற்று யோசித்தான். "மட்டத்தை மாற விடக்கூடாது. வயல்லே எவ்வளவு ஒழுகுதோ, அவ்வளவையும் மோட்டார் போட்டு உடனே விட்டுக்கிட்டே இருக்கணும். மோட்டார் எவ்வளவு விட்டுதுன்னு பார்த்தா, ஒழுகினது எவ்வளவுன்னு தெரிஞ்சுபோச்சு."

மகள் வாய் பிளந்தாள். அதேதானாம்! அமெரிக்காவில் கோல் என்பவர் 1947-ல் தொடங்கிய முறையை, இங்கிலாந்தில் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும், காட்ஸ் என்பவரோடு சேர்ந்து, பிளிமத் கடற்கரையில் சீர்படுத்தினார்கள். ஊசிக் கணவாயின் நரம்பு ஒன்று தையல்நூல் பருமன் இருக்குமாம். அதற்குள் மெல்லிய கம்பியைச் செலுத்தி, மின் மட்டத்தைப் பிடித்து நிறுத்தினார்கள். அப்படி நிறுத்த எவ்வளவு மின்சாரம் கொடுக்க நேர்ந்ததோ, அதுவே சவ்வின் வழியே போன மின்னோட்டம். சுற்றியுள்ள நீரிலிருந்து சோடியத்தை நீக்கிவிட்டு மறுபடி அளந்தால், எஞ்சுவது பெரும்பாலும் பொட்டாசியத்தின் பங்கு. கழித்துப் பார்த்தால் மற்றது சோடியத்தினுடையது. எந்த வீட்டிலும் பால் கணக்குப் போடும் முறைதான்! 1952-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். கணக்கை ஹக்ஸ்லி கையால் சுற்றும் யந்திரத்தில் போட்டாராம். 1963-ல் எக்கிள்ஸோடு இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

"மொத்தம் தெரிஞ்சுது, சரி. ஒரே ஒரு நண்டு வளையிலே எவ்வளவு போகுதுன்னு எப்படிப் பார்க்கிறது?" என்று தம்பி விடவில்லை.

"அந்த வளை மேலே மட்டும் ஒரு புனலைக் கவிழ்க்கணும்" என்று சிரித்தாள். 1976-ல் ஜெர்மனியில் நேஹரும் சாக்மனும் அப்படித்தான் செய்தார்கள். புனல், நுனி மிக நுண்ணிய கண்ணாடிக் குழாய். வயல், தவளையின் தசை. ஒற்றை மடை திறப்பதும் மூடுவதும் படிக்கட்டு போல் பதிவாயிற்று. ஒரு ஆம்பியரில் லட்சம் கோடியில் சில பங்குதான் அந்த மின்னோட்டம். அதற்கே விநாடிக்குச் சுமார் இரண்டு கோடி அயனிகள் பாய வேண்டுமாம். 1991-ல் அவர்களுக்கும் நோபல் பரிசு.

"அவங்க பார்த்த மடை எது தெரியுமாப்பா? நரம்பு முனையிலேர்ந்து வர ரசாயனம் பட்டா, தசையிலே திறக்குமே, அது. கட்டுவிரியன் விஷத்திலே ஒரு பகுதி அந்த மடையிலே போய் அடைச்சுக்கும். இன்னொரு பகுதி நரம்பு முனையையே பாழாக்கிடும். முனை போயிட்டா விஷமுறிவு மருந்து அதைத் திருப்பித் தராது. புதுசா முளைக்கணும். அதுவரைக்கும் யந்திரம்தான் மூச்சு விடணும்."

தம்பி பேசாமல் தன் கைவிரல்களை மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டான். பிறகு என் பக்கம் திரும்பி, "காவேரி சமாசாரம் எல்லாம் கேட்டுது அக்கா. ஆனா உன்னைத் தள்ளினது நான் இல்லே, சித்தப்பா மகன்" என்றான்.

இப்போதெல்லாம் களத்திலும் அவனுக்குக் கயிற்றுக் கட்டில்தான். கொசுவலையை நாலு பக்கமும் மெத்தைக்கு அடியில் செருகி, ஓட்டை எதுவும் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் அவன் மனைவி வீட்டுக்குத் திரும்புகிறாள்.