நெக்கார்சுல்ம் எஞ்சினின் இரு தண்டுகள்

மோட்டார் சைக்கிள் எஞ்சினின் சிரத்தில் சுழன்று வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்டுக்கு, அடியிலுள்ள கிராங்க் ஷாஃப்டிலிருந்து சக்தியைக் கொண்டு சேர்க்கச் செயின், பெல்ட், பற்சக்கர வரிசை, பெவல் கியர் பூட்டிய செங்குத்துத் தண்டு என்று பல மார்க்கங்கள் உண்டென்பதை நன்கறிந்தவருக்கும், ஜெர்மனியின் நெக்கார்சுல்ம் நகரத்து என்.எஸ்.யு. கம்பெனி 1952-இல் வெளியிட்ட மாக்ஸ் என்னும் 247 சி.சி. வண்டியின் குறுக்குவெட்டுச் சித்திரம் ஆச்சரியத்தையே தரும். ஆல்பர்ட் ரோடர் அமைத்த அந்த எஞ்சினில் மேலேறிச் செல்பவை இரண்டு மெல்லிய கனெக்டிங் ராடுகள். இந்த அபூர்வமான யோசனையின் மூலம் எதுவென்று அறியும் ஆவல் என்னைப் பற்றிக்கொண்டது.

முதலில் அதன் இயக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். கிராங்க் ஷாஃப்டின் பாதி வேகத்தில் சுழலும் ஒரு பற்சக்கரத்தோடு மையம் விலகிப் பூட்டிய வட்டுகளான இரண்டு எக்சென்ட்ரிக்குகள் ஒன்றுக்கொன்று 90 பாகை விலகி நிற்கின்றன. மேலே கேம் ஷாஃப்டின் பக்கத்திலும் அவ்வாறே இரண்டு உள்ளன. இவ்விரு ஜோடிகளையும் ராடுகள் இணைக்கின்றன. ஒரு ராட் தன் கோடியை எட்டிச் சுழற்றும் வலிமையை இழந்து நிற்கும் அதே க்ஷணத்தில் மற்றொன்று முழுப் பலத்தோடு தள்ளவோ இழுக்கவோ செய்வதால், சுழற்சி எவ்விடத்திலும் தடைப்படுவதில்லை.

மற்ற மார்க்கங்களில், செயின் நாளடைவில் நீண்டுபோகும். அதை இறுக்கிவைக்க ஓர் உபகரணம் வேண்டும். பற்சக்கர வரிசை துல்லியமானது, ஆனால் சப்தமும் பாரமும் மிகுந்தது. பெவல் கியரோ, எஞ்சின்தோறும் பழகிய கரமொன்று மெல்லிய தகடுகளை வைத்தும் எடுத்தும் பற்களின் இடைவெளியைச் சரிசெய்யும் பொறுமையைக் கேட்பது. 1955 முதல் அதைப் பேணிவந்த டுகாட்டியின் ஃபாபியோ தாலியோனியே 1979-இல் விற்பனைக்கு வந்த பான்டா வண்டியில் பெல்ட்டுக்கு மாறினார். நிசப்தமும், நீளாத உறுதியும் ஒருங்கே வாய்த்தது ராட் முறையில்தான் என்பது என் அபிப்பிராயம். மேலும் கீழும் அசையும் உறுப்புகள் அதிவேகத்தைத் தாங்குமா என்ற நியாயமான சந்தேகத்துக்கு, மாக்ஸின் வம்சத்தில் வந்த ஸ்போர்ட்மாக்ஸில் ஏறி 1955-இல் 250 சி.சி. உலக சாம்பியன் பட்டத்தை வென்ற எச். பி. முல்லரே விடையளித்துவிட்டார்.

மூலத்தைத் தேடிய நான் மோட்டார் கார்களின் சரித்திரத்துக்குள் புகுந்தேன். 1926-இல் உற்பத்திக்கு வந்த பென்ட்லி ஆறரை லிட்டர் காரில், எஞ்சினின் பின்புறத்தில், 120 பாகை வீதம் விலகிய மூன்று ராடுகள் கேம் ஷாஃப்டைச் சுழற்றின. அந்த வம்சத்தின் ஸ்பீட் சிக்ஸ் 1929-இலும் 1930-இலும் லெ மான் பந்தயத்தில் வாகை சூடியது. அதற்கும் முந்தி, 1920-இல், பாரி தாமஸ் உருவாக்கிய லேலண்ட் எய்ட் காரிலேயே எக்சென்ட்ரிக்குகளால் கேம் ஷாஃப்டை இயக்கும் முறை இடம்பெற்றிருந்தது.

இன்னும் பின்னோக்கிச் செல்லும்படி என்னைத் தூண்டியது, டபிள்யூ. ஓ. பென்ட்லி பதினாறு வயதில் எங்கே தொழில் பயின்றார் என்ற செய்தி. டான்காஸ்டரிலிருந்த கிரேட் நார்தர்ன் ரயில்வேயின் பட்டறையில், நீராவி எஞ்சின்களுக்கு நடுவில், அவர் பயிற்சி பெற்றார்! ரயில் எஞ்சினின் சக்கரங்களை வெளிப்புறத்தில் பிணைத்துக்கொண்டு ஏறி இறங்கும் இரும்புத் தண்டுகளை நினைத்துப் பார்த்தால் போதும். இடப்புறத் தண்டும் வலப்புறத் தண்டும் 90 பாகை விலகியே பூட்டப்படுகின்றன. ஒன்று வலுவிழக்கும் இடத்தில் மற்றது சக்கரத்தைச் சுழற்ற வேண்டும் என்பதே அதன் காரணம். அந்த ரயில் தத்துவத்துக்கு, மூன்று ராடுகள் கொண்ட பென்ட்லியைவிட, இரண்டே ராடுகளை 90 பாகையில் நிறுத்திய ரோடரின் மோட்டார் சைக்கிளே நெருங்கிய சொந்தம் என்று கண்டபோது நான் அடைந்த மகிழ்ச்சி சிறிதல்ல.

ஆயினும் ரோடர் தீர்க்க வேண்டியிருந்த சங்கடமொன்று ரயிலுக்கு இவ்வளவு கடுமையாக இல்லை. உஷ்ணமேறிய சிலிண்டர் வளர, கீழ் மையத்துக்கும் மேல் மையத்துக்கும் உள்ள தூரமும் மாற முற்படும்; ராடுகளோ அதே விகிதத்தில் வளரமாட்டா. ஆகவே அவ்விடைவெளியைக் காப்பதற்கென்றே தனி உறுப்பொன்றை வைத்து, சிலிண்டரின் வளர்ச்சியால் நேரும் சிறு நகர்வுக்கும் இடங்கொடுத்தார். அதே ராட் முறையைத்தான் என்.எஸ்.யு. தன் இரட்டைச் சிலிண்டர் பிரின்ஸ் காரின் எஞ்சினுக்கும் கொண்டுசென்றது.