ஓவேலிக்குள் ஒரு சைக்கிள்

பிரான்சின் கிராமப்புறங்களில் சைக்கிளில் சுற்றித் திரிபவர்கள் மிஷ்லின் வரைபடத்தை வாசிக்கும் விதம் அலாதியானது. காரில் போகிறவருக்குச் சிவப்புக் கோடுகள் வேண்டும். சற்றே நிதானமானவருக்கு மஞ்சள் கோடுகள் போதும். சைக்கிள்காரர்களோ இவ்விரண்டையும் விலக்கிவிட்டு, நூலிழைபோல் நெளிந்து ஓடும் வெள்ளைக் கோடுகளைத் தேடுகிறார்கள். ஒரு கிராமத்து மாதாகோயிலிலிருந்து அடுத்த கிராமத்து ரொட்டிக்கடைக்குப் போவதைத் தவிர வேறு நோக்கமற்ற சாலைகள் அவை. அரைமணிக்கு ஒரு டிராக்டர் எதிர்ப்பட்டால் அதுவே நெரிசல்.

இந்தச் சுகத்துக்கு ஒரு மூலவர் உண்டு. சேந்த் எத்தியென் நகரத்துப் பட்டு வணிகர் பால் த விவி (1853–1930). வெலோசியோ என்ற புனைபெயரில் எழுதியவர். பந்தயமல்லாத சைக்கிள் பயணத்தை ஒரு வாழ்முறையாகவே முன்வைத்து, 1887-இல் தொடங்கிய தன் பத்திரிகையில் விடாமல் எழுதினார். மலையேற்றத்துக்குப் பல கியர்கள் வேண்டும் என்று வாதாடினார். வீரர்கள் அதைக் கிழவர்களுக்கான வசதி என்று எள்ளினார்கள். கியர் மாற்றும் பொறியை டூர் த பிரான்ஸ் பந்தயம் அனுமதிக்க 1937 ஆயிற்று. பசிக்கும் முன் உண், தாகத்துக்கு முன் குடி, பெருமைக்காக மிதிக்காதே என்பன போன்ற அவரது விதிகள் இன்றும் பயணிகளிடையே புழங்குகின்றன. வாகனமற்ற சாலைகளின் அந்த உபாசகர், கடைசியில் தான் வாழ்ந்த ஊரின் தெருவில் டிராம் மோதி இறந்துபோனார் என்பதைப் படித்தபோது, விதிக்கு நகைச்சுவை உணர்வு சற்று அதிகம்தான் என்று தோன்றியது.

நீலகிரியில் அப்படியொரு வெள்ளைக் கோட்டைத் தேடுவது எளிதல்ல. 2008 முதல் பெங்களூரைச் சேர்ந்தவர்கள் நடத்திவந்த நீலகிரி சைக்கிள் பயணம் இம்மலையைச் சைக்கிள்காரர்களிடையே பிரபலமாக்கியது. கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளை ஏறியவர்கள் அதைப் போர்த்தழும்புபோலச் சொல்லிக்கொள்வார்கள். ஆனால் கோடை வார இறுதியில் ஊட்டிச் சாலையில் சைக்கிள் ஓட்டுவது என்பது ஒரு நீண்ட புகைக்குழாய்க்குள் மூச்சு விடுவது. சென்னை உயர்நீதிமன்றம் தலையிட்டு, 2024 மே மாதம் முதல் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமாக்கும் அளவுக்கு நிலைமை முற்றியிருந்தது.

ஆகவேதான் ஓவேலி.

கூடலூரிலிருந்து நடுவட்டம் நோக்கி ஏறும்போது ஊசிமலைக் காட்சிமுனையில் வண்டிகள் நிற்கும். எல்லோரும் படம் பிடித்துக்கொள்ளும் அந்தப் பள்ளத்தாக்கின் ஒரு பகுதிதான் ஓவேலி. மேலிருந்து பார்த்துவிட்டு அனைவரும் ஊட்டிக்குப் போய்விடுகிறார்கள்; கீழே இறங்கிப் பார்ப்பவர் சொற்பம். நான் கூடலூர்ப் பக்கமிருந்து காலை ஏழரைக்கு உள்ளே நுழைந்தேன். ஊர் முடிந்து தேயிலை தொடங்கியதும் ஒலிகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி. எங்கோ ஓடை. மனிதன் யாரோ சீழ்க்கையடித்துக்கொண்டு வருகிறான் என்று நிமிர்ந்தால் ஆளில்லை; சீகாரப் பூங்குருவி. ஏற்றங்களில் என் மூச்சும் சங்கிலியும், இறக்கங்களில் பின்சக்கரத்தின் கிடுகிடுப்பும் மட்டுமே உடன்வந்தன. சூண்டி தாண்டும்வரை மூன்று ஜீப்புகள், ஒரு பேருந்து. சாலை ஒட்டுப்போட்டது, சில இடங்களில் ஒட்டும் போனது. இருந்தாலென்ன, இதைவிட வெள்ளையான கோடு பிரான்சிலும் இருக்காது என்று மனம் துள்ளியது.

தேநீர்க்கடையில் நிறுத்தினேன். வாசலில் அமர்ந்திருந்த பெரியவர் என் வண்டியை மேலும் கீழும் பார்த்தார். பேச்சில் கண்டிச் சீமையின் வாடை.

"தம்பி, இந்த வண்டியில சத்தமே இல்லையே?"

"ஆமாங்கய்யா, நல்லா எண்ணெய் போட்டிருக்கு," என்றேன் சற்றுப் பெருமையாக.

"அதான் சொல்றேன். வளைவுல எல்லாம் மணிய அடிச்சிக்கிட்டே போங்க. ஜீப்பு வந்தா யானைக்குத் தெரியும், ஒதுங்கிக்கும். நீங்க வர்றது அதுக்கு எப்பிடித் தெரியும்?"

வெலோசியோவின் விதிகளில் இது இல்லை. ஓசையற்றுச் செல்வதே சைக்கிளின் மேன்மை என்பது ஐரோப்பியச் சமவெளியின் ஞானம். அங்கே ஓசையின்மை ஒரு மரியாதை. இங்கே ஒரு விலங்கை அதன் வீட்டில் திடுக்கிட வைக்கும் செயல். முதுமலைக்கும் நிலம்பூர்க் காடுகளுக்கும் இடையே யானைகள் போய்வரும் நிலப்பரப்பு இது. இந்தப் பள்ளத்தாக்கில் பல உயிர்களைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட, ராதாகிருஷ்ணன் என்று மக்கள் பெயரிட்டு அழைத்த ஆண் யானையை 2025 செப்டம்பரில் வனத்துறை பிடித்துக் களக்காடு முண்டந்துறைக் காட்டுக்குக் கொண்டுபோனது. கொல்லும் யானைக்கும் ஒரு மனிதப் பெயர் வைத்துத்தான் அஞ்ச முடிகிறது நமக்கு. அதன்பின் நான் மணியடித்துக்கொண்டேதான் போனேன். அமைதியைத் தேடி வந்தவன் பள்ளத்தாக்கு முழுவதும் கிணுகிணுத்துக்கொண்டு போன காட்சி வேடிக்கையாகத்தான் இருந்திருக்கும்.

ஊரின் பெயரே ஒரு தேய்மானம். நீலகிரியை 1847-இல் நில அளவை செய்த ராணுவப் பொறியாளர் ஜான் ஆக்டர்லோனி. அவருடைய சகோதரர் ஜேம்ஸ் இங்கே காப்பித் தோட்டங்களைத் தொடங்கினார். ஆக்டர்லோனி வேலி நாக்கில் நிற்காமல் ஓ வேலியாகி, ஓவேலி ஆயிற்று. இன்று கேட்பவருக்கு அது தூய தமிழ்ப்பெயர் போலவே ஒலிக்கிறது. அவர்கள் காடழித்த நிலம் நிலம்பூர்க் கோவிலகத்தின் ஜன்ம நிலம், குத்தகைக்குப் பெற்றது. மலபார் மாவட்டத்தில் இருந்த இப்பள்ளத்தாக்கு 1873-இல்தான் நீலகிரியோடு சேர்க்கப்பட்டது. நீர் மட்டும் நிர்வாக எல்லையை ஏற்கவில்லை. இன்றும் மேற்கே இறங்கிச் சாலியாற்றில் கலந்து பேப்பூரில் கடல் சேர்கிறது.

அந்த ஜன்மம் என்ற சொல்லில்தான் ஓவேலியின் அமைதி அடங்கியிருக்கிறது. கூடலூர் ஜன்ம நிலங்களை ஒழித்து ரயத்துவாரியாக மாற்றும் சட்டத்தைத் தமிழக அரசு 1969-இல் கொண்டுவந்தது. 1972-இல் உச்சநீதிமன்றம் சட்டத்தை ஏற்று, காடுகள் தொடர்பான பகுதியை மட்டும் விலக்கியது. 1974-இல் நாடாளுமன்றம் அச்சட்டத்தை அரசமைப்பின் ஒன்பதாம் அட்டவணைக்குள் வைத்துப் பாதுகாத்தது. அந்தப் பாதுகாப்பே செல்லுமா என்ற கேள்வி ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வுவரை போய், 2007 ஜனவரியில் கோயெலோ வழக்கின் தீர்ப்பாக வந்தது. சட்டக்கல்லூரி மாணவர்கள் மனப்பாடம் செய்யும் அத்தீர்ப்பின் பின்னால் இருப்பது இந்தத் தேயிலைச் சரிவுகள்தான் என்பதை அவர்களுள் எத்தனை பேர் அறிவார்கள்? இந்திய வனச்சட்ட வரலாற்றையே திருப்பிப்போட்ட கோதவர்மன் வழக்கும் 1995-இல் கூடலூர்க் காடுகளின் மரவெட்டிலிருந்தே தொடங்கியது.

நீதிமன்றங்கள் பெரிய கேள்விகளைத் தீர்த்தன. சிறிய கேள்விகள் அப்படியே கிடக்கின்றன. சட்டத்தின் 17-ஆம் பிரிவில் வரும் நிலங்களில் வசிப்பவர்களுக்குப் பட்டா இல்லை. பட்டா இல்லாததால் பல வீடுகளுக்கு மின் இணைப்பு இல்லை. யாருடைய நிலம் என்று முடிவாகாத இடத்தில் விடுதியும் எழாது, சாலையும் அகலாது. சுற்றுலா வராத காரணம் அதுதான். நான் பரவசத்தோடு மிதித்த வெறுமையை உருவாக்கியது இயற்கையல்ல, அரை நூற்றாண்டு கடந்தும் முடியாத ஒரு கோப்பு.

பிரான்சின் வெள்ளைக் கோடுகளும் அப்படியொன்றும் மாசற்றவை அல்ல என்று பிறகு யோசித்தேன். உழவு இயந்திரமயமாகி, இளையோர் நகரங்களுக்குப் பெயர்ந்து, பள்ளிகளும் கடைகளும் மூடப்பட்டபின் எஞ்சிய சாலைகள் அவை. ஆனால் அங்கே போனவர்கள் போய்விட்டார்கள். இங்கே மக்கள் இருக்கிறார்கள். பணியர், குறும்பர், காட்டுநாயக்கர் ஆகியோர் எல்லோருக்கும் முன்பிருந்தே இருக்கிறார்கள். கேரளத்திலிருந்து மலையேறி வந்து குடியேறியவர்கள் இருக்கிறார்கள். 1964-இன் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்று எண்ணிக்கையாகப் பேசி முடித்தது. அந்த எண்ணிக்கையில் ஒரு பகுதி தலைமன்னாரில் கப்பலேறி இந்தச் சரிவுகளில் வந்து சேர்ந்தது. தேநீர்க்கடைப் பெரியவர் அப்படி வந்தவர். பிறந்தது ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில். அங்கே இந்தியாக்காரன், இங்கே சிலோன்காரன், வீட்டுக்குப் பட்டா மட்டும் எங்கேயும் இல்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னார். சிரிப்பில் கசப்பு இருந்ததா என்று தேடினேன். இருந்திருந்தால் அவரைப் புரிந்துகொள்வது எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

2024-இல் வனத்துறை வெளியிட்ட வரைவறிக்கை தமிழகத்தில் 42 யானை வழித்தடங்களை அடையாளம் கண்டபோது கூடலூர் கொதித்தது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு, காட்டுயிர் ஆர்வலருக்கு, என்னைப்போல் சைக்கிளில் வந்து போகிறவருக்கு யானைகளின் பக்கம் நிற்பது சுலபம். நானும் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான். காடு துண்டுபட்டால் யானையும் தங்காது, மனிதரும் தங்க முடியாது. ஆனால் குத்தகைத் தோட்டம் பெருக்கி, மரம் வெட்டி, காட்டைக் குலைத்ததன் விலையை அரை ஏக்கரில் குடிசை போட்டவரிடம் வசூலிப்பதை ஏற்க முடியவில்லை.

திரும்பும் வழியில் கொழுந்து மூட்டைகளை நிறுத்துக்கொண்டிருந்த இடத்தில் தண்ணீர் கேட்டேன். இருபது வயதுக்காரன் ஒருவன் குடத்திலிருந்து மொண்டு கொடுத்தான். ரோடு எப்படி இருக்கு அண்ணா என்று கேட்டான். ரொம்ப அமைதியா, அழகா இருக்கு தம்பி என்றேன்.

"மழைக்காலத்துல வாங்கண்ணா. போன வருஷம் எங்க அக்காவுக்கு ராத்திரி வலி வந்திருச்சு. ஜீப்பு கெடச்சு, வழியில யானை நின்னு, அது போனப்புறம் கூடலூர் போய்ச் சேர விடிஞ்சிருச்சு."

குழந்தை நலமா என்று கேட்டேன். நலம், பெண் குழந்தை என்றான். பிறகு சைக்கிளின் கியர்கள் எத்தனை என்று கேட்டு, ஒருமுறை ஓட்டிப் பார்க்க அனுமதி வாங்கிக்கொண்டு, தேயிலைக்கு நடுவே மேட்டில் ஏறி மறைந்தான். மணியோசை மட்டும் வளைவுக்கு வளைவு கேட்டுக்கொண்டிருந்தது.