ஓடம் வண்டியேறிய கதை

ஓடமும் ஒரு நாள் வண்டியேறும் என்னும் பழமொழியை இளமை தொட்டுக் கேட்டு வந்திருக்கிறோம். வண்டியேறிய ஓடத்தை எத்துணை வேகத்தில் இழுத்துச் செல்லலாம் என்பதைக் குறித்து அப்பழமொழி வாய் திறக்கவில்லை. அதனை யாம் அறிந்துகொண்டது சில ஆண்டுகளுக்கு முன், உளுந்தூர்ப்பேட்டையிலிருந்து சேலத்துக்குச் செல்லும் நெடுஞ்சாலையில். எம்முடன் கல்லூரியிற் பௌதிகம் பயின்ற நண்பரும் உடனிருந்தார். ஆதலின் இங்கே கூறப்போகும் அறியாமைக்குப் பழைய மாணவர் இருவரே பொறுப்பாளிகள், ஆசிரியர்கள் அல்லர்.

நண்பரின் ஊர் சேந்தமங்கலம். கொல்லிமலையின் அடிவாரத்தை ஒட்டிய அவ்வூரைச் சுற்றி மரவள்ளி விளையும், நிலக்கடலை விளையும். படகு மட்டும் அரிது. மலைமேல் வாசலூர்ப்பட்டியில் உல்லாசப் பிரயாணிகளுக்கெனப் படகுகள் உண்டு. கீழே சமவெளியில் அதற்கு வேலையில்லை. எனினும் நண்பரின் தமையனார் ஓர் ஏரியில் மீன்பாசிக் குத்தகை எடுத்திருந்தமையால், வலை வீசப் படகொன்று வேண்டியதாயிற்று. கடலூர் முதுநகரில் 14 அடி நீளமுள்ள பழைய ஃபைபர் படகு ஒன்றை, அதனை ஏற்றிச் செல்லும் டிரெய்லரோடு விலை பேசி முடித்தோம். எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 600 கிலோ. நங்கூரம், நனைந்த வலைகள், பழைய எஞ்சின் ஒன்று ஆகியவற்றைப் படகின் பின்புறத்தில் ஏற்றினோம். அங்கே ஏற்றுவதுதான் எளிதாயிருந்தது. ஜீப்பின் கொக்கியில் மாட்டுகையில் நண்பர் டிரெய்லரின் முன்தண்டை ஒரு கையால் தூக்கிக் காட்டி, “பார்த்தாயா, பூப்போல் இருக்கிறது!” என்று மகிழ்ந்தார். யாமும் மகிழ்ந்தோம்.

கள்ளக்குறிச்சியைக் கடக்கும்வரை 60, 70 கிலோ மீட்டர் வேகத்தில் யாதொரு தொல்லையும் இல்லை. “இப்படிப் போனால் ஊர் சேர நடுநிசியாகும், கொஞ்சம் ஓட்டப்பா” என்று சொன்னவர் யாமே. இதனை மறைப்பதற்கில்லை. முள் 95ஐத் தொட்டபொழுது, ஆம்னி பஸ் ஒன்று எம்மை உரசினாற்போற் கடந்து சென்றது. அதன் காற்று படகை ஒருபுறம் தள்ளிற்று. படகு மறுபுறம் திரும்பிற்று. அடுத்த ஆட்டம் முன்னதினும் பெரிதாயிற்று. நண்பர் பிரேக்கை மிதித்தார். ஜீப் தயங்கியதே ஒழியப் பின்னிருந்த பளு தயங்கவில்லை. அது ஜீப்பின் பின்புறத்தை நெட்டித் தள்ளியது. இடப்புறம் கணவனும் மனைவியும் நடுவில் ஒரு சிறு பெண்ணுமாக மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தனர். படகின் பின்முனை அவர்கள் செல்லவேண்டிய இடத்தின் மேலாகச் சென்று மீண்டது. அவர் எவ்வாறோ மண்ணில் இறக்கி நிறுத்திவிட்டார். நண்பர் காலை எடுத்துவிட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பற்றியிருந்தார். சிறுகச் சிறுக ஆட்டம் அடங்கிற்று. டிரெய்லரின் ஒரு டயர் வெடித்திருந்தது. அம்மனிதர் வந்து எம்மை ஒன்றும் வையவில்லை. “குழந்தை இருக்குதுங்க” என்று மட்டும் சொல்லிச் சென்றார். அதற்கு எம்மிடம் விடையில்லை.

மாற்று டயர் தேடி மாட்டி, ஆத்தூர், நாமகிரிப்பேட்டை, இராசிபுரம், பேளுக்குறிச்சி வழியாக 40க்கு மேற்படாமல் ஊர்ந்து, நடுநிசிக்குப் பின்னரே சேந்தமங்கலம் சேர்ந்தோம்.

லாரிகளுக்குக் கூடு கட்டுவதில் நாமக்கல் வட்டாரம் பெயர் பெற்றது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. மறுநாள் அத்தொழிலில் முதிர்ந்த பெரியவர் ஒருவரிடம் டிரெய்லரைக் காட்டினோம். அவர் டயரைப் பார்க்கவில்லை, அச்சைப் பார்க்கவில்லை. முன்தண்டை ஒரு விரலால் தூக்கினார். “பின்பாரமுங்க. மாட்டுவண்டியிலே பின்பாரம் ஏற்றுவீங்களா?” என்றார். மாட்டுவண்டியிற் பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மேலெழும்பி, பூட்டாங்கயிறு காளையின் கழுத்தை இறுக்கும் என்பதை இந்நாட்டில் அறியாதார் யார்? காளையாயின் உடனே நின்று காட்டிவிடும். ஜீப் 95 வரும்வரை பொறுத்திருந்தது.

பின்னர்ப் புத்தகங்களைப் புரட்டியபோது, பெரியவர் விரலால் நிறுத்ததையே மேனாட்டார் எண்ணால் எழுதியிருக்கக் கண்டோம். டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு கொக்கியின்மேல் அழுந்தவேண்டும். எமது படகுக்கு அது 60 கிலோவுக்குக் குறையலாகாது. ஒரு கையாற் பூப்போல் தூக்கக்கூடியது அன்று. இணைத்து இழுக்கப்படும் ஒவ்வொரு பின்வண்டிக்கும் ஓர் எல்லை வேகம் உண்டு. அதற்குக் கீழே ஆட்டம் தானே தேயும். அதற்கு மேலே தானே வளரும். பின்பாரம் அந்த எல்லையைக் கீழே இழுத்துவிடுகின்றது. ஆகவே சாலையோரப் பலகையிற் கண்ட வேகம் எம் படகுக்கு உரிய வேகம் ஆகாது. ஊசலின் ஆட்டத்தை ஆய்வுக்கூடத்தில் அத்தனை முறை எண்ணியும், சாலையில் அது வந்து நின்றபோது அடையாளம் தெரியவில்லையே என்று இருவரும் நாணினோம்.

பிற நாடுகளின் சட்டமும் இவ்விஷயத்தில் அடக்கமாகவே பேசுகின்றது. காரின் பின்னே டிரெய்லரை இழுப்போருக்கு ஜெர்மனியிற் பொது வரம்பு 80 கிலோ மீட்டர். தனி அனுமதி பெற்றோருக்கே 100. கலிபோர்னியாவில் 55 மைல். இங்கிலாந்தில் இருவழிப் பிரிவில்லாச் சாலையில் 50 மைல், பெருஞ்சாலையில் 60. 60லிருந்து 80க்கு ஏறினால் வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது. நிறுத்தவேண்டிய ஆற்றலோ ஏறத்தாழ 1¾ மடங்காகிறது. தனக்கென்று பிரேக் இல்லாத டிரெய்லரின் பங்கையும் ஜீப்பே சுமக்கவேண்டும்.

படகு டிரெய்லருக்கு வேறொரு நோயும் உண்டு. படகை இறக்கச் சக்கரத்தை நீரில் அமிழ்த்துவதால் பேரிங்கினுள் தண்ணீர் புகுந்து கிரீஸ் கெடும். மாதக்கணக்கில் வெயிலில் நிற்பதால் டயரின் ரப்பர் வெடிக்கும். வழியில் நிற்குந்தோறும் சக்கரத்தின் நடுவே உள்ளங்கையை வைத்துப் பார்ப்பது நண்பருக்கு இப்போது வழக்கமாகிவிட்டது. கை பொறுக்காத சூடென்றால் பிரயாணம் அங்கேயே நின்றுவிடும்.

பெரியவர் எஞ்சினையும் நங்கூரத்தையும் முன்னே நகர்த்திக் கட்டி, படகையும் ஒரு சாண் முன்தள்ளி வைத்தார். அதன்பின் நால்வழிச் சாலையில் 70, காற்றும் மழையும் இல்லையேல் மிஞ்சினால் 80. பேளுக்குறிச்சிச் சாலை போன்றவற்றில் 50 என்று இருவரும் உடன்பட்டோம். ஏரியில் இறக்கிய அன்று படகு நேராகவே சென்றது.

அப்படகை இரவல் கேட்டு வருவோரிடம் நண்பர் சாவியோடு, முன்தண்டின் கீழ் வைத்து நிறுக்க ஒரு தராசையும் கொடுத்தனுப்புகிறார். இருமுறை படகு திரும்பி வந்தது, தராசு வரவில்லை.