கரியடுப்பு

குத்துக்கல்வலசையில் ஒரு சாரற்காலம். பிள்ளை பெற்றிருந்த எம் தமக்கையாருக்குக் குளிர் தாங்காதென்று, அறைக்கதவை அடைத்துக் கரியடுப்பு மூட்டி வைத்தவர் யாமே. அப்பொழுது எமக்கு வயது பத்து. சிறிது நேரத்தில் தமக்கையார் தலை நோகின்றதென்று சொல்லி மயங்கினார். பாட்டியார் ஓடிவந்து கதவைத் திறந்து, தாயையும் சேயையும் திண்ணையிற் கொண்டு கிடத்தினார். இருவரும் பிழைத்தனர். “அடைத்த வீட்டிற் கரி ஆகாது” என்றார் பாட்டியார். அதன் காரணத்தைக் கல்லூரியிற் பயின்றபோதே அறிந்தோம்.

இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் என்னும் புரதத்திற் பிராணவாயு அமரும் இடங்கள் நான்கு. ஓரிடத்தில் அது அமரின், ஏனைய இடங்களும் அதனை எளிதில் ஏற்கும். ஒன்று நீங்கின், மற்றவையும் எளிதில் நீங்கும். இவ்வியல்பைப் புலப்படுத்தும் வளைகோட்டை டென்மார்க்கு நாட்டறிஞர் கிறிஸ்தியன் போர் 1904-ஆம் ஆண்டில் வெளியிட்டார். கனலும் கரியினின்றெழும் கார்பன் மோனாக்ஸைடு நிறமும் மணமும் அற்றது; பிராணவாயுவினும் 200 மடங்குக்கு மேல் இறுகப் பற்றுவது. அது தான் பற்றிய இடத்தைக் கவர்வதோடு அமையாது. அண்டை இடங்களிலுள்ள பிராணவாயுவையும் உடலுக்கு விடவொட்டாது தடுக்கும்.

நண்பர்காள்! விடுமுறையில் ஊர் செல்லுங்கால் இதனை வீட்டாருக்கு எடுத்துரைப்பீராக. பாட்டியார் கதவைத் திறந்திராவிடில், எம் அறியாமைக்கு ஈடு செய்ய எக்கல்வியும் உதவியிராது.