இண்டூரில் ஒரு டீ

தர்மபுரியிலிருந்து பென்னாகரம் வழியாக ஒகேனக்கல் போகிறவர்களுக்கு இண்டூர் வழியில் வரும் ஒரு நிறுத்தம், அவ்வளவுதான். அருவி நினைப்பில் பாதிப் பேர் அதற்குள் தூங்கியும் போயிருப்பார்கள். போன பங்குனியில் நானும் என் மனைவியும் இண்டூருக்கென்றே டிக்கெட் கேட்டபோது, கண்டக்டர் ஒரு தரம் எங்களை நிமிர்ந்து பார்த்தார்.

காரியம் ஒன்றும் பெரிதல்ல. வருஷத்துக்கு வேண்டிய புளி வாங்க வேண்டும். சேலத்துக் கடைகளிலும் தர்மபுரிப் புளி கிடைக்கிறதே என்று நான் சொல்லவில்லை. கல்யாணமாகி இருபது வருஷமாகிறது.

கடைத்தெருவில் அவள் ஒவ்வொரு கடையாகப் புளியைக் கிள்ளி வாயில் போட்டு, ஒரு கண்ணை மூடி, தீர்ப்புச் சொல்லி, புளியும் கேழ்வரகும் சாமையும் வாங்கி முடிப்பதற்குள் மணி நாலு ஆகிவிட்டது. பையைச் சுமந்தவனுக்கு டீ வேண்டாமா?

டீக்கடைக்காரருக்கு அறுபது வயது இருக்கும். சிரித்தபோது பல்லெல்லாம் காவிக் கோடுகள். வெற்றிலைக் கறை அல்ல. இந்தப் பக்கத்துப் பாறையிலிருந்து கிணற்றிலும் போரிலும் ஃபுளோரைடு கலக்கிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் ஆகாது என்று கணக்கு. பல் உருவாகிற வயதில் அந்தத் தண்ணீரைக் குடித்த குழந்தைக்குக் கறை ஆயுசுக்கும் நிற்கும். எந்தப் பல்பொடிக்கும் அசையாது. மிஞ்சினால் எலும்பையே வளைக்கும்.

"பொண்ணு பார்க்கப் போறப்போ, சிரிச்சுடாதேன்னு எங்கம்மா சொல்லி அனுப்பிச்சாங்க சார்" என்றார். "அந்தப் பொண்ணும் சிரிக்கலே. அடக்கமான பொண்ணுன்னு நெனைச்சேன். கல்யாணத்துக்கு அப்புறந்தான் தெரிஞ்சுது, அதுக்கும் இதே பல்லு!"

உள்ளே வடை சுட்டுக்கொண்டிருந்த அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

காவேரி பக்கத்திலேயே ஒகேனக்கல்லில் குதிக்கிறது. வெளியூர்க்காரர்கள் அதில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுப் போனார்கள்; இவர்கள் போர்த் தண்ணீரைக் குடித்தார்கள். 2008-இல் அடிக்கல் நாட்டி, ஜப்பான் கடனுதவியோடு வேலை நடந்து, 2013-இல்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கியது.

"டீக்குக் காவேரித் தண்ணி, கிளாஸ் கழுவப் போர்த் தண்ணி" என்று இரண்டு குடங்களைக் காட்டினார்.

"குழாயில் வராத நாளில்?"

"புடிச்சு வெச்சிருப்போம். அந்தக் குடத்தை யாரும் தொடக் கூடாது."

தேயிலையிலும் ஃபுளோரைடு கொஞ்சம் உண்டு என்று படித்திருக்கிறேன். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு அதைச் சொல்ல மனம் வரவில்லை. டீ நன்றாகவே இருந்தது.

பள்ளிக்கூடம் விட்டு எட்டு வயதுப் பேத்தி ஓடி வந்தாள். என் மனைவி புளியில் ஒரு சுளையைப் பிய்த்துக் கொடுத்தாள். புளிப்புத் தாங்காமல் முகத்தைச் சுளித்து, உடனே சிரித்தாள் குழந்தை. அரிசி அரிசியாக வெள்ளைப் பற்கள். முன்பல் இரண்டு மட்டும் புதிதாய், முகத்துக்குப் பெரிதாய். ஒரு கணம்தான் பார்த்தோம். பாட்டியைப் போலவே சட்டென்று கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கையை எடு கண்ணு" என்றார் கிழவர். "உனக்கு எதுக்கு அது?"